கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்



கொஞ்சம் நீளமான பதிவு. அப்புறம் படிக்கலாம் என்று தள்ளிவிடாதீர்கள். வீட்டில் குடிக்கிறவர் ஒருவர் இருந்தால் கட்டாயம் படியுங்கள். இல்லை என்றாலும் படியுங்கள். அடுத்த தெருவில் இருப்பார்.

போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்கு என்னிடம் படித்த பெண் ஒருத்தி வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தாள். "டீச்சர், நாளைக்கு ராத்திரி வண்டி வருது. எங்க வீட்டுக்காரரத் தூக்கிட்டுப் போறாங்க. 90 நாள் உள்ள வச்சிருந்து திருத்தி அனுப்புவாங்களாம். என்கிட்ட ஒரு கையெழுத்துதான் கேக்காங்க. போடலாமா டீச்சர்?"

அவள் யார், எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அன்று ராத்திரி அவளுக்கு ஒரே வரியில் பதில் போட்டேன்: "போடாதே. காலையில் பேசு." ஏன் போடக்கூடாது என்பதற்கு ஒரு வரி போதாது. அதற்குத்தான் இந்தப் பதிவு.

நான் அந்தக் கையெழுத்தைப் போட்டவள். 2021-இல், என் கூடப்பிறந்த தம்பிக்கு.

வாழைக்காய் கமிஷன் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன். ஏரல் பஜாரில் அவனைத் தெரியாதவர் கிடையாது. கணக்கில் ஒரு பைசா பிசகாது. ஆனால் பகல் 12 மணி ஆனால் கால் தானாகக் கடைப்பக்கம் போய்விடும். சேர்மன் சாமி கோயிலில் ஆடி அமாவாசைக்குச் சத்தியம் பண்ணிக் கயிறு கட்டிக்கொள்வான். ஆவணி பிறப்பதற்குள் அவிழ்த்துவிடுவான். அவன் பெண்டாட்டி அழுதுகொண்டே "மதினி, ஏதாவது பண்ணுங்க" என்றாள். யாரோ ஒரு நம்பர் கொடுத்தார்கள். பேசினேன். பணம் கட்டினேன். ராத்திரி 2 மணிக்கு நாலு பேர் வந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தவனை உடுத்திய கைலியோடு தூக்கினார்கள். "எக்கா, எக்கா" என்று கூப்பிட்டான். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் நன்மைக்குத்தான் என்று நினைத்தேன்.

அந்த இடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒரு இடத்தைத் திட்டி மனசு ஆறுவதற்காக நான் எழுதவில்லை. அங்கே என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். முதல் நாளே மொட்டை அடித்தார்கள். சட்டையைக் கழற்றிவிட்டு அவர்கள் உடுப்பைக் கொடுத்தார்கள். கக்கூஸ் கழுவ வைத்தார்கள். 45 நாள் யாரும் பார்க்கக்கூடாது. அதற்கப்புறம் வாரத்துக்கு ஒரு தரம் போன், அதுவும் பக்கத்தில் ஒருவர் நின்று கேட்டுக்கொண்டிருக்க. முந்தி வந்து சேர்ந்தவர்கள் பிந்தி வந்தவர்களை அடிக்கலாம். அதற்கு அங்கே ஒழுக்கம் என்று பெயர். டாக்டர் என்ற ஆளை அவன் பார்த்தது மூன்றாவது வாரம்.

90 நாள் கழித்து வந்தான். பதினோராவது நாள் குடித்தான். அதற்குப் பிறகு ஒரு வருஷம் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

"அடியாத மாடு படியாது" என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். "அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்று சொல்லிக்கொண்டே பிரம்பு எடுத்திருக்கிறேன். உங்களில் பலருக்கு அந்தப் பிரம்பு ஞாபகம் இருக்கும். வாய்ப்பாடு வராத பையனை அடித்தால் வாய்ப்பாடு வருமா? பயம் வரும். நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுவான். இதைப் புரிந்துகொள்ளவே எனக்குப் பத்து வருஷ சர்வீஸ் ஆயிற்று. வகுப்பில் விட்டுவிட்ட பிரம்பை என் தம்பிக்குக் கூலி கொடுத்து வாங்கிப் போட்டேன் என்பதுதான் என் வெட்கம்.

இது ஒழுக்கக்கேடு, அடங்காத பிள்ளையின் திமிர் என்று நாம் நினைக்கிறவரை இந்த மாதிரி வண்டிகள் ராத்திரியில் வந்துகொண்டுதான் இருக்கும். இது நோய். நான் கண்டுபிடித்துச் சொல்வதல்ல. நம் நாட்டுச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தில், மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைக் கோளாறுகள் மனநோய் என்ற சொல்லுக்குள்ளேயே சேர்க்கப்பட்டிருக்கின்றன. சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது.

"படிப்பில்லாதவன், பண்பாடில்லாதவன்தான் குடிப்பான்" என்று சொல்லும் சொந்தக்காரர்களுக்கு ஒன்று. சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை என்று போதை சிகிச்சைக்குப் பெயர் பெற்ற ஆஸ்பத்திரி இருக்கிறது. அதை 1980-இல் தொடங்கியவர் சாந்தி ரங்கநாதன். அவர் கணவர் டி.டி.ரங்கநாதன், மத்திய நிதியமைச்சராக இருந்த டி.டி.கிருஷ்ணமாச்சாரியின் பேரன். பணமும் படிப்பும் பெயரும் இருந்த வீடு. குடிநோய்க்குத்தான் அவரைப் பறிகொடுத்தார்கள். அந்த அம்மாள் வீட்டுத் துக்கத்தை மூடி மறைக்காமல் கணவர் பெயரிலேயே சிகிச்சை நிலையம் தொடங்கினார். 1992-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நாம் என்ன செய்கிறோம்? "வெளியில் தெரிந்தால் கேவலம்" என்று ராத்திரி 2 மணிக்கு வண்டி வரச் சொல்கிறோம். அந்த நேரத்தில் தூக்கினால் தெருவுக்குத் தெரியாது அல்லவா! உண்மையைச் சொல்லுங்கள், யார் நன்மைக்காக அந்த நேரம்?

அடுத்து நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். இதில்தான் பாடமே இருக்கிறது.

2023 டிசம்பர் 17, 18-இல் வந்த வெள்ளத்தை ஏரல்காரர்கள் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி ஊருக்குள் வந்துவிட்டது. ஆற்றுப்பாலம் அறுந்தது. கரண்ட் இல்லை, போன் இல்லை. நாங்கள் ஒன்பது பேர் மாடியில். தம்பி கடைசியாகக் குடித்தது 17-ஆம் தேதி. 18 சாயங்காலம் கை நடுங்கியது, வேர்த்து ஊற்றியது. குளிர் என்று நினைத்துப் போர்வை கொடுத்தோம். 19 ராத்திரி சுவரில் எறும்பு ஊர்கிறது என்று தட்டித் தட்டி விட்டான். "தண்ணிக்குள்ள இருந்து ஆளுங்க கூப்பிடுதாங்க" என்று மொட்டைமாடிச் சுவரில் ஏறப் பார்த்தான். வீட்டில் ஒருத்தர் பேய் என்றார், ஒருத்தர் வெள்ளத்தைப் பார்த்த அதிர்ச்சி என்றார். சேலையால் அவனைக் கட்டிப் போட்டுவிட்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். மறுநாள் படகு வந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பொண்ணு, டாக்டர், என் மாணவி வயசுதான் இருக்கும். அவள் கேட்ட முதல் கேள்வி: "கடைசியா எப்போ குடிச்சார்?"

2021-இல் 90 நாளும் ஒருவரும் கேட்காத கேள்வி அது.

தினமும் நிறையக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்பது மருத்துவத்தில் தெளிவாக எழுதப்பட்ட விஷயம். ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாளைக்குள் நடுக்கம், வேர்வை, வாந்தி, தூக்கமின்மை. முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு. இரண்டாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் நடுவில் சிலருக்கு இல்லாதது தெரியும், இல்லாத குரல் கேட்கும், நேரம் இடம் புரியாது. இந்தக் கடைசி நிலைக்குச் சிகிச்சை கொடுக்காவிட்டால் உயிர் போகலாம். முதல் மூன்று நாள் டாக்டரே இல்லாத அறையில் பூட்டிவைப்பதும், கயிற்றைக் கட்டிச் சத்தியம் வாங்கி "இன்றிலிருந்து ஒரு சொட்டு கூடாது" என்பதும் இந்த விஷயத்தில் ஒன்றுதான். சாமி கும்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நானும் கும்பிடுகிறேன். கயிறு மன உறுதிக்கு. வலிப்புக்கு மருந்துதான்.

என் தம்பி 2021-இல் அந்த முதல் மூன்று நாளைத் தாண்டியது அவன் ஆயுசு. அதில் என் புத்திசாலித்தனம் எதுவும் இல்லை.

இனி, முறையான சிகிச்சைக்குப் போனால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். பயம் பாதி தெரியாததால் வருவது. என்னிடம் படித்துவிட்டு இன்று குடியில் மாட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளே, இந்தப் பகுதி உங்களுக்காக. எனக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். கல்யாண வீட்டில் என்னைப் பார்த்ததும் ஏன் தூணுக்குப் பின்னால் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். எனக்குக் கோபம் இல்லை.

முதல் நாள் கேள்விகள். எவ்வளவு குடிக்கிறாய், எத்தனை வருஷம், கடைசியாக எப்போது, வலிப்பு வந்திருக்கிறதா, தூக்க மாத்திரையோ கஞ்சாவோ வேறு எதுவோ உண்டா. பொய் சொல்லாதே. ஒரு குவார்ட்டர் என்று டீச்சரிடம் சொல்லலாம், டாக்டரிடம் சொல்லாதே. மருந்தின் அளவே அந்தப் பதிலை வைத்துத்தான். ரத்தம் எடுப்பார்கள். கல்லீரல், சர்க்கரை, உப்புச்சத்து எல்லாம் பார்ப்பார்கள்.

அடுத்த ஐந்து முதல் பத்து நாள் உடம்பிலிருந்து விஷம் இறங்கும் காலம். நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் மாத்திரை கொடுத்துத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். தயமின் என்ற வைட்டமின் பி1 ஊசி போடுவார்கள். குடிக்கிறவர் உடம்பில் அது வற்றிப்போயிருக்கும், விட்டுவிட்டால் மூளையே பழுதாகும். இந்த நாட்களில் தூக்கம் வராது. எரிச்சல் வரும். "எனக்குச் சரியாயிட்டு, வீட்டுக்குப் போறேன்" என்று தோன்றும். மூன்றாம் நாள், நாலாம் நாள் எல்லோருக்கும் தோன்றும். அந்த எண்ணமும் நோயின் பகுதிதான் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்.

உடம்பு தேறியதும் சிகிச்சை முடிந்தது என்று நினைப்பதுதான் பெரிய தப்பு. அப்போதுதான் தொடங்குகிறது. சில வாரங்களுக்கு ஆலோசகரோடு தனியாகப் பேச்சு, குழுவாகப் பேச்சு. எந்த நேரத்தில், யாரோடு இருக்கும்போது, என்ன மனநிலையில் குடிக்கத் தோன்றுகிறது என்று எழுதச் சொல்வார்கள். கணக்கு எழுதுகிற என் தம்பி அதை அழகாகக் கோடு போட்டு எழுதினான். பசி, கோபம், தனிமை, களைப்பு இந்த நாலையும் கவனி என்று சொல்லிக்கொடுத்தார்கள். அவன் பட்டியலில் பாதிக்கு மேல் தனிமை இருந்தது. எங்களுக்கு அது தெரியவே தெரியாது. பத்து பேர் இருக்கிற வீடு!

மருந்துகளும் உண்டு. ஆசையைக் குறைப்பதற்கு நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட். குடித்தால் உடம்பு ஒத்துக்கொள்ளாமல் செய்வது டைசல்ஃபிரம். வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளைகளுக்கும் பிரவுன் சுகர் மாதிரியானவற்றில் சிக்கியவர்களுக்கும் புப்ரெனார்ஃபின் உண்டு. எதை யாருக்கு என்பது டாக்டர் வேலை. டைசல்ஃபிரம் பற்றி மட்டும் பெண்களுக்கு ஒரு எச்சரிக்கை. "சாம்பாரில் கலந்து கொடுங்க, அவருக்குத் தெரியாது" என்று விற்கிறார்கள். தெரியாமல் குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அவருக்குத் தெரிந்து, சம்மதத்தோடு, டாக்டர் பார்வையில் மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து அது. ரகசியமாகக் கலப்பது சிகிச்சை அல்ல. அதற்குத் தமிழில் வேறு சொல் இருக்கிறது.

வீட்டுக்காரர்களையும் கூப்பிடுவார்கள். நான் அவனைப் பற்றிப் புகார் சொல்லத் தயாராகப் போனேன். என்னைப் பற்றித்தான் கேட்டார்கள். அவன் கடனை யார் அடைத்தது, வேலைக்குப் போகாத நாளில் முதலாளிக்குக் காய்ச்சல் என்று போன் பண்ணியது யார், எத்தனை தரம் "இதுதான் கடைசி" என்று சொல்லிவிட்டு மறுபடி பணம் கொடுத்தீர்கள் என்று. எல்லாம் நான்தான். எனக்கு முகம் சுண்டிப்போனது. உங்களுக்கும் சுண்டும். பரவாயில்லை, போங்கள்.

வெளியே வந்த பிறகு முதல் மூன்று மாதம் கண்ணாடிப் பாத்திரம். தேதி தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்று குடியை விட்டவர்களே நடத்தும் கூட்டங்கள் உண்டு. 1935-இல் அமெரிக்காவில் ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும், இருவருமே குடிநோயாளிகள், ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடித்துத் தொடங்கியது. கட்டணம் கிடையாது, பெயர் விவரம் கேட்பதில்லை. குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக்கூட்டம்.

மறுபடி குடித்துவிட்டால்? என் தம்பி குடித்தான். எட்டாவது மாதம், 2024 ஆடியில், ஒரு கல்யாண வீட்டில். 2021-ஆக இருந்தால் நான் வண்டிக்குப் போன் போட்டிருப்பேன். இந்தத் தடவை அவனே மறுநாள் காலையில் வந்து, "எக்கா, ஆஸ்பத்திரிக்குப் போவோமா?" என்றான். சர்க்கரை நோயாளி ஒரு நாள் பாயாசம் குடித்துவிட்டால் மாத்திரையை நிறுத்திவிடுகிறோமா? மறுபடி டாக்டரிடம்தானே போகிறோம். இதுவும் அப்படித்தான். அன்றிலிருந்து இன்று வரை 14 மாதம் ஆகிறது. நாளைக்கு என்ன ஆகும் என்று அவனும் சொல்ல மாட்டான், நானும் சொல்ல மாட்டேன். "நூற்றுக்கு நூறு கியாரண்டி" என்று யாராவது சொன்னால், அந்த இடத்திலிருந்து செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

இப்போது சட்டம். நான் வக்கீல் இல்லை, படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். 2017 சட்டப்படி மொட்டை அடிக்கக் கட்டாயப்படுத்தக்கூடாது. அவர்கள் உடுப்பைத்தான் போட வேண்டும் என்று கட்டாயப்படுத்தக்கூடாது. கூலி இல்லாமல் வேலை வாங்கக்கூடாது. தனியறையில் அடைக்கக்கூடாது. எந்த வகையிலும் சங்கிலி போடக்கூடாது. பார்க்க வருகிறவர்களைப் பார்க்கவும் போன் பேசவும் உரிமை உண்டு. தானாக வந்து சேர்ந்தவர் போக வேண்டும் என்று கேட்டால் அனுப்ப வேண்டும். டாக்டர் காரணம் கண்டால் மதிப்பீடு செய்ய 24 மணி நேரம் நிறுத்தலாம், அவ்வளவுதான். தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்கிற நிலையில் சம்மதம் இல்லாமல் சேர்க்கவும் வழி இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு நிபுணரோ மருத்துவரோ தனித்தனியாகப் பார்த்து ஒத்துக்கொள்ள வேண்டும். 30 நாளுக்கு மேல் அந்த வழியில் வைக்க முடியாது. மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ராத்திரி நாலு ஆள், ஒரு வண்டி, அக்காவின் கையெழுத்து இவையெல்லாம் அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை.

இந்தச் சட்டம் இவ்வளவு கறாராக ஏன் வந்தது என்று கேட்டால், நமக்குப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்துக் கொட்டகையில் தீப்பிடித்தது. 28 பேர் செத்தார்கள். ஓட முடியவில்லை, சங்கிலி போட்டிருந்தது. அவர்களையும் யாரோ ஓர் அக்கா, ஓர் அண்ணன், "நன்மைக்குத்தான்" என்று கொண்டுவிட்டவர்களாகத்தானே இருக்கும்!

"டீச்சர், பேசுறது லேசு. அவன் தினமும் அடிக்கிறான், பிள்ளைகள் நடுங்குது, நாங்க என்ன செய்ய?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்தப் பெண்ணும் கேட்டாள். அடிக்கிற வீட்டில் முதலில் நீங்களும் பிள்ளைகளும் பத்திரமாக வேண்டும். பெண்கள் உதவிக்கு 181 இருக்கிறது, 2005-இலிருந்து குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. தாய் வீட்டுக்குப் போனால் மரியாதை போகும் என்று சொல்கிற சொந்தக்காரர்களை இந்தப் பதிவைப் படிக்கச் சொல்லுங்கள். அவன் நிலை ஆபத்தானது என்றால் மேலே சொன்ன சட்ட வழியில் சேர்க்கலாம்.

"சம்மதிக்கவே மாட்டேங்கிறானே?" என்றால், நெருக்கடி கொடுப்பது வேறு, கடத்துவது வேறு. "நீ சிகிச்சைக்கு வராவிட்டால் இனி உன் கடனை அடைக்க மாட்டேன்" என்பது நெருக்கடி. அதைச் சொல்லுங்கள், சொன்னபடி நில்லுங்கள். குடித்திருக்கும்போது பேசாதீர்கள். காலையில், தெளிந்திருக்கும் நேரத்தில், அவன் தலை குனிந்திருக்கும் நேரத்தில் பேசுங்கள். அவன் வராவிட்டாலும் நீங்கள் ஆலோசகரிடம் போகலாம். பல வீடுகளில் முதலில் போனது மனைவிதான். பின்னால் கணவன் போனான்.

அரசாங்கத்தையும் சும்மா விட முடியாது. 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கையில். 2023-24-இல் மட்டும் 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருமானம். பாட்டிலில் மது கேடு என்று எழுதிவிட்டால் கடமை தீர்ந்ததா? மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வு, நாட்டில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெறுகிறார் என்றது. ஆஸ்பத்திரியில் சேர்ந்து சிகிச்சை பெறுகிறவர் 180 பேருக்கு ஒருவர். கடைக்கு நடந்து போகலாம், கட்டிலுக்குப் பஸ் மாறிப் போக வேண்டும் என்றால், அந்த இடைவெளியில்தான் ராத்திரி வண்டிக்காரன் பிழைக்கிறான்.

கடையை மூடச் சொல்லிப் போராடியவர்களை நான் கும்பிடுகிறேன். 2015-இல் குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் சசிபெருமாள் ஐயா உயிரையே விட்டார். ஆனால் 2020 ஊரடங்கில் ஒரே நாளில் எல்லாக் கடையும் மூடினதே, அப்போது என்ன ஆயிற்று? பக்கத்துக் கேரளாவில் மது கிடைக்காமல் தற்கொலைகள் நடந்து, டாக்டர் சீட்டு இருந்தால் மது கொடுக்கலாம் என்று அரசே உத்தரவு போட்டு, அதை உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. கடையை மூடுங்கள். மூடும் நாளுக்கு முன்னால் கட்டிலைப் போடுங்கள். ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் விஷம் இறக்கும் மருந்தும், அதைக் கொடுக்கத் தெரிந்த டாக்டரும், ஓர் ஆலோசகரும் வேண்டும். 2025-இல் அரசு மருத்துவமனைகளில் "கலங்கரை" என்று போதை மீட்பு மையங்கள் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல காரியம், பாராட்டுகிறேன். ஏரலிலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வெளிச்சம் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பேன்.

கடைசியாக வீட்டுப்பாடம். எந்த மையமானாலும் கையெழுத்துக்கு முன்னால் இந்த ஏழு கேள்வி கேளுங்கள்.

1. மாநில மனநல ஆணையத்தில் பதிவு உண்டா? சான்றிதழைக் காட்டுவீர்களா?
2. மனநல மருத்துவர் யார்? எந்தெந்த நாள் வருவார்?
3. முதல் ஐந்து நாள் ராத்திரி வலிப்பு வந்தால் யார் பார்ப்பார்?
4. நான் எப்போது வந்து பார்க்கலாம்? தங்கும் அறையைக் காட்டுவீர்களா?
5. அவன் போக வேண்டும் என்று கேட்டால் என்ன செய்வீர்கள்?
6. என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று எழுதித் தருவீர்களா?
7. வெளியே வந்த பிறகு யாரிடம், எத்தனை மாதம் வர வேண்டும்?

ஏழில் ஒன்றுக்கு மழுப்பினாலும் எழுந்து வந்துவிடுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446, போதை மீட்புக்கான தேசிய உதவி எண், இலவசம். மனசு தாங்காத நேரத்துக்கு டெலி மானஸ் 14416. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியிலும் தூத்துக்குடி மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரியிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. ஓ.பி. சீட்டு போதும். ராத்திரி போக வேண்டாம். காலையில், எல்லோரும் பார்க்கப் போங்கள்.

அந்தப் பெண் கையெழுத்துப் போடவில்லை. வண்டியை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மறுநாள் காலை வீட்டுக்காரரிடம் பேசினாள். அவர் இன்னும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அவள் போயிருக்கிறாள். பார்ப்போம்.

இதை எழுதி முடித்துத் தம்பியிடம் படிக்கக் கொடுத்தேன். "எக்கா, என்னை அசிங்கப்படுத்துற மாதிரி இருந்தா எடுத்திரு" என்று அவன் சொன்னால் எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். முழுதும் படித்தான். "அந்த 'எக்கா, எக்கா'ன்னு கூப்பிட்டது மட்டும் எடுக்காத" என்றான்.

எடுக்கவில்லை.

உங்கள் டீச்சர்,
ஏரல்.